பத்து நாள் லீவும் ‘போரடிக்குது’ கச்சேரியும்

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் எல்லா வீட்டிலும் சுபிட்சம்தான். பை ஒரு மூலைக்குப் பறக்கும், ஷூ ஆளுக்கொரு திசையில் கிடக்கும், "இனிமே புக்கையே தொட மாட்டேன்" என்று சபதம் நடக்கும். சோதனை மறுநாள் காலை பத்து மணிக்கு. இட்லி உள்ளே போய், இரண்டு கார்ட்டூன் பார்த்து, தம்பியை ஒரு கிள்ளு கிள்ளி, அதற்கு அக்காவிடம் இரண்டு வாங்கி முடித்தபின் அந்தக் குரல் கிளம்பும்: "அம்மா, போரடிக்குது."

டிசம்பர் 23, 24 வாக்கில் ஆரம்பித்துப் புத்தாண்டு கழியும்வரை ஏறக்குறைய பத்து நாள். கோடை லீவு மாதிரி பாட்டி ஊருக்கு மூட்டை கட்டி அனுப்ப இது போதாது. தூங்கியே கழிக்கலாம் என்றாலோ அதற்கு ரொம்ப அதிகம். வெயில் இல்லையே, தெருவில் விளையாடட்டும் என்றால் வடகிழக்குப் பருவமழை போகிற போக்கில் ஒரு தூறலைப் போட்டுவிட்டுத்தான் போகும். அப்பாவுக்கு ஆபீஸ் லீவு கிடையாது. சில வீடுகளில் அந்த ஆபீஸே டைனிங் டேபிளில்தான் நடக்கிறது.

இந்தச் சமயத்தில் பெற்றோர் செய்கிற முதல் காரியம் யூடியூபில் கைவேலை வீடியோ தேடுவது. குளிர்பானப் பாட்டிலில் ராக்கெட், ஐஸ்குச்சியில் அரண்மனை. ஐஸ்குச்சி வாங்கக் கடைக்கு அலைவது ஒரு மணி நேரம், பசை காயக் காத்திருப்பது அரை மணி நேரம், குழந்தை அதோடு விளையாடுவது ஏழு நிமிடம், தரையில் ஒட்டிய பசையைச் சுரண்டுவது முக்கால் மணி நேரம். ஒரு விளையாட்டு நல்லதா என்று பார்க்க ஒரே கணக்குதான்: பெரியவர்கள் ஏற்பாடு செய்யும் நேரத்தைவிடப் பிள்ளைகள் அதில் மூழ்கும் நேரம் பத்து மடங்காவது இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் தேறுபவை பெரும்பாலும் பரண்மேல் கிடப்பவையும் அடுப்படியில் இருப்பவையும்தான்.

முதலிடம் தாயத்துக்கு. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, சாக்பீஸ் ஒன்று, தரை கொஞ்சம். கட்டையின் நாலு பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருக்கும். இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்றும் வெற்றும் சேர்ந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் காயைக் கட்டத்தில் இறக்கலாம் என்பது சட்டம். பெரும்பாலான வீடுகளில் ஆட்டம் அழுகையில் முடிவதும் இந்த இடத்தில்தான்.

காரணம் சாதாரணக் கணக்கு. இரண்டு கட்டைகள் விழும் விதம் மொத்தம் 16. அதில் தாயம் வருவது 2. அதாவது எட்டுக்கு ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயமே விழாமல் போக நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகவே வாய்ப்பு இருக்கிறது. நாலு பிள்ளைகள் உட்கார்ந்தால் யாரோ ஒருவர் அரை மணி நேரம் வெறும் பார்வையாளராக இருந்து, பிறகு கட்டையைச் சோபாவுக்கு அடியில் எறிந்துவிட்டு எழுந்து போவார். அந்த ஒருவர் எப்போதும் கடைக்குட்டியாக இருப்பதற்கு மட்டும் கணக்கில் விளக்கம் இல்லை. இதற்குத் தீர்வு, ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம் என்று விதியைத் தளர்த்துவது. அப்போது வாய்ப்பு நாலுக்கு ஒன்றாகிவிடும். பத்து முறையும் ஏமாறுவது நூற்றுக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

ஏழெட்டு வயதுக்குள் என்றால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போதும். எதிரியின் காயை ஒரு முறையாவது வெட்டினால்தான் உள்சுற்றுக்குள் போகலாம் என்ற விதியைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டையைப் பாய்மேல் உருட்டச் சொல்லுங்கள். டைல்ஸ் தரையில் பித்தளை உருளும் சத்தம் கீழ்வீட்டுக்காரரை மேலே வரவழைக்கும்.

தாயக்கட்டை இல்லாத வீட்டில் நாலு புளியங்கொட்டை போதும். ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். நாலையும் போட்டு ஒரே ஒரு வெள்ளை மேலே தெரிந்தால் தாயம். இதில் தாயம் விழுவது ஏறக்குறைய நாலுக்கு ஒன்று என்பதால் கடைக்குட்டிக்கும் நிம்மதி. தேய்ப்பதே அரை மணி நேர வேலை, அதைப் பிள்ளைகளே செய்வார்கள். ஒரே ஒரு ஆபத்து உண்டு. தேய்த்த கொட்டை நன்றாகச் சுடும். அதைப் பக்கத்தில் இருப்பவன் முழங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற அறிவியல் ஆர்வம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாத் தலைமுறைக்கும் வந்துவிடுகிறது.

பல்லாங்குழிக்கும் அதே கொட்டைதான். இரண்டு வரிசையில் ஏழேழு குழி, குழிக்கு ஐந்து வீதம் 70. பலகை இல்லையென்றால் சாக்பீஸால் பதினாலு வட்டம் போடுங்கள். முப்பது முட்டை அட்டையை வெட்டலாம் என்று தோன்றும். அதன் நீளப் பக்கத்தில் ஆறு குழிதான் இருக்கும், ஏழாவதை ஒட்டவைப்பதற்குள் பொறுமை போய்விடும். தன் பக்கக் குழி ஒன்றை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம். இதற்குமேல் உள்ள விதிகள் ஊருக்கு ஊர் வேறு. அம்மா வழிப் பாட்டியும் அப்பா வழி ஆச்சியும் ஒரே வீட்டில் இருந்தால் ஆட்டம் தொடங்குமுன் எந்த ஊர் விதி என்று முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், பாட்டிகள் இருவரும் சாப்பாட்டு நேரம்வரை தொடர்வார்கள்.

கொட்டைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு இல்லை. மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் ஆட்டம் முடிந்ததும் எழுபதையும் எண்ணி டப்பாவில் போட வேண்டும். மூக்குத் துவாரமும் அந்த வயதுக்கு ஒரு பல்லாங்குழிதான். புளியங்கொட்டைக்குப் பதில் மஞ்சாடி வைத்து ஆடலாம், குண்டுமணி கூடவே கூடாது. மஞ்சாடி முழுச் சிவப்பு. குண்டுமணியில் கறுப்புப் பொட்டு இருக்கும், அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம்.

மார்கழி மாதம் நமக்கு இலவசமாகத் தருவது வாசல். பள்ளி நாளில் ஏழு மணிக்கு எழுப்பினால் காய்ச்சல் வரும் பிள்ளைகள் லீவு நாளில் ஐந்தரைக்கே எழுந்து நிற்பார்கள். அந்த வேகத்தைக் கோலத்தில் இறக்கிவிடலாம். ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி. பிள்ளைகள் வைக்கும் புள்ளி கோணலாகப் போவதற்குக் காரணம் அவர்கள் மேலிருந்து நாலு, ஐந்து, ஆறு என்று இறங்கி வருவதுதான். முதலில் நடுவரிசை ஏழையும் நேராக வைக்கச் சொல்லுங்கள். நாலு விரல் இடைவெளி போதும். பிறகு அதன் இடைவெளிகளுக்கு நேராக மேலே ஆறு, கீழே ஆறு, அப்புறம் ஐந்து, நாலு. மொத்தம் 37 புள்ளி வர வேண்டும். எண்ணிப் பார்க்கச் சொன்னால் கணக்கு டீச்சருக்குத் தெரியாமல் ஒரு கணக்குப் பாடமும் ஆயிற்று. சின்னவர்களுக்கு ஐந்து புள்ளி, மூன்று வரை: 19.

தண்ணீர் தெளித்த உடனே கோலம் போட்டால் மாவு ஊறிக் கோடு பரவிவிடும். தரை முழுக்கக் காய்ந்தால் காற்று அள்ளிக்கொண்டு போகும். தேங்கிய நீர் வடிந்து ஈரம் மட்டும் இருக்கும் நேரம்தான் சரி. வெறும் அரிசி மாவு விரலில் ஒட்டிக்கொண்டு கட்டிகட்டியாக விழும், கொஞ்சம் கோலப்பொடி கலந்தால் சீராக இறங்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சிட்டிகையாகப் பிடிக்காமல் கைநிறைய அள்ளினால் கோலம் தார்ச்சாலைக் கோடாக ஆகிவிடும், அரைக் கிலோ மாவும் தீரும். கலர்ப்பொடியைக் காட்டியதும் பையன்களும் வந்து உட்காருவார்கள். ஆளுக்கு மூன்று கலர் என்று பிரித்துக் கிண்ணத்தில் கொடுங்கள். பாக்கெட்டோடு கொடுத்தால் வாசல் முழுக்க ஒரே சாம்பல்பழுப்பு நிறம்தான் கிடைக்கும். அப்படி ஒரு நிறம் கடையில் விற்பதில்லை.

அடுப்படியில் இந்தப் பருவத்துக்கென்றே வந்து நிற்பது மொச்சை. உரித்த பச்சை மொச்சையை இரவே தண்ணீரில் போட்டுவிட்டால் காலையில் தோல் தளர்ந்திருக்கும். இரண்டு விரலால் அழுத்தினால் பருப்பு விடுக்கென்று வெளியே பாயும். பிதுக்குப் பருப்பு. அரைக் கிலோ கொடுத்தால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஓடும், நடுவே அண்ணன் நெற்றியைக் குறிபார்ப்பதும் சேர்த்து. ஏற்பாட்டு நேரம் கிட்டத்தட்ட பூஜ்யம், மத்தியானக் குழம்பும் தயார். தண்ணீர் புளித்த வாடை அடித்தால் ஊற வைத்தது அதிகமாகிவிட்டது என்று பொருள். பச்சைப் பட்டாணியும் உரிக்கத் தரலாம், ஆனால் பாதி வாய்க்குள் போய்விடும். பூண்டு வேண்டாம். உரித்த கையால் கண்ணைத் தேய்த்துவிட்டு வீட்டையே இரண்டாக்கிவிடுவார்கள்.

மழை பிடித்துக்கொண்ட நாளுக்கு மஞ்சள் மந்திரம். ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளை நாலைந்து டீஸ்பூன் தண்ணீரில் கரைத்து வெள்ளைத்தாளில் மெல்லப் பூசி ஃபேனுக்கு அடியில் காயவிடுங்கள். துணிச்சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் அந்தத் தாளில் எழுதினால் எழுத்து சிவப்பாகத் தெரியும். எலுமிச்சைச் சாறு பட்டால் திரும்பவும் மஞ்சள். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே விஷயம்தான், ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். மஞ்சளைத் திக்காகப் பூசினால் காய்ந்ததும் உதிரும். சட்டையில் பட்டுவிட்டால் பதறிப்போய்ச் சோப்புப் போடுவீர்கள், கறை ரத்தச் சிவப்பாகும், பாட்டி அலறுவார். அலசிவிட்டு வெயிலில் போடுங்கள், வெளுத்துவிடும். வெயில் வருவதுதான் டிசம்பரில் கொஞ்சம் சந்தேகம்.

கூடாரத்துக்குத் தாத்தாவின் எட்டு முழ வேட்டி. ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளம் இருப்பதால் இரண்டு நாற்காலிக்கு மேல் போட்டு இரு பக்கமும் தரை தொடும்படி தொங்கவிடலாம், துணிக் கிளிப்பு ஆறு போதும். நாலு முழம் எட்டாது, இழுத்துக் கிழிப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலி லேசானது, சாய்ந்துவிடும் என்பதால் இரண்டின் உட்காரும் இடத்திலும் பழைய பாடப்புத்தகக் கட்டை வையுங்கள். அந்தப் புத்தகங்களுக்கு லீவில் கிடைக்கும் ஒரே வேலை. உள்ளே ஒரு டார்ச்சும் ஒரு கிண்ணம் முறுக்கும் போய்விட்டால் இரண்டு மணி நேரத்துக்கு வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றே சந்தேகம் வரும். எறும்பு வரும். அது முறுக்கின் விலை.

இரவு எட்டு மணிக்குமேல் மேகம் விலகினால் மொட்டைமாடி. கிழக்கே நேர்க்கோட்டில் மூன்று நட்சத்திரம் தெரியும். அதற்குப் பக்கத்தில் சிவப்பாக மினுங்குவது திருவாதிரை. மூன்றையும் இணைத்துக் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. பாட்டி பஞ்சாங்கத்தில் சொல்லும் பெயர்கள் வானத்தில் நிஜமாகவே இருக்கின்றன என்பதில் பிள்ளைகளுக்கு வரும் ஆச்சரியம் இருபது நிமிடம் தாங்கும், அதற்குள் கொசு கீழே அனுப்பிவிடும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு வேலையை லீவின் முதல் நாளே செய்துவிட வேண்டும்: டைரியைத் திறந்து வீட்டுப்பாடப் பக்கத்தைப் படிப்பது. "ஐந்து வகை இலைகளைச் சேகரித்து ஒட்டி வருக" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். இலையைச் செய்தித்தாளுக்குள் விரித்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து, தாளைத் தினம் மாற்றினால் ஐந்தாறு நாளில் தட்டையாகக் காயும். தாளை மாற்றாவிட்டால் இந்த ஈரக்காற்றில் பூசணம் பூக்கும், இலை கறுக்கும். பள்ளி திறக்கும் முந்தின இரவு ஒன்பது மணிக்கு, "அம்மா, நாளைக்கு இலை கொண்டு போகணும்" என்று கேட்ட வீடுகளுக்கு இஸ்திரிப் பெட்டி. இரண்டு செய்தித்தாளுக்கு நடுவே இலையை வைத்து, நீராவி இல்லாமல் குறைந்த சூட்டில், ஒரு பக்கத்துக்குப் பத்து விநாடி வீதம் திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். வேம்பு, மா, அரசு, கொய்யா நாலும் தேறிவிடும். ஐந்தாவதாகக் கற்பூரவள்ளியைப் பறித்து வருவார்கள். அது சதைப்பிடிப்பான இலை, தேய்த்தால் வீடே கஷாய வாசம் அடிக்கும். அதை ரசத்தில் போட்டுவிட்டு, வாசலில் துளசி இருந்தால் ஒரு கிளை பறித்துவரச் சொல்லுங்கள்.