விழுந்திட்டுதோ தம்பி?

கூத்துப் பழக்கிற அண்ணாவியாரின்ர பாட்டை லப்டொப்பில பதிஞ்சனான். பாடி முடிய அவர் கேட்டது அதுதான், பாட்டுப் பதிவாயிட்டுதோ எண்டு. நான் ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டே "ஓம் ஐயா, வடிவா விழுந்திருக்கு" எண்டனான். ஒருக்காப் போட்டுக் கேட்டிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை.

பொய் சொல்லவேணும் எண்டு சொன்னதில்லை. ஹெட்போனில அவர் மூச்செடுக்கிறதுகூட எனக்குக் கேட்டது, சத்த அளவு காட்டுற மீட்டரும் மைனஸ் 12 டெசிபலுக்குக் கிட்ட ஏறி இறங்கிக்கொண்டுதான் நிண்டது, இதுக்கு மேல என்னத்தைப் பாக்கிறது? ஆனா மைக்கை லப்டொப்போட இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியில டைரக்ட் மொனிட்டர் சுவிட்ச் போட்டிருந்தா மைக் சத்தம் லப்டொப்புக்குள்ள போகாமலே அதில இருந்து நேரா காதுக்கு வந்திடும். தாமதம் இல்லாமக் கேக்கலாம் எண்டுதான் அதைப் போடுறது. நான் கேட்டது கண்டென்சர் மைக்கை, ஒடாசிட்டி எண்ட பதிவு மென்பொருள் பதிஞ்சுகொண்டிருந்தது லப்டொப்பின்ர சொந்த மைக்கை. பாடத் தொடங்க முதல் இன்டர்ஃபேஸின்ர யூஎஸ்பி வயரைக் கழட்டி மற்றப் பக்கத்தில மாட்டினனான், அப்ப ரெக்கோடிங் டிவைஸ் மாறியிருக்கவேணும். லப்டொப் மைக்குக்கும் அவற்ற குரல் கேக்கும்தானே, அதால மீட்டர் ஆடினது. தொடங்க முதல் லப்டொப்பை நகத்தால ஒருக்காச் சுரண்டிப் பாத்திருந்தா மீட்டர் துள்ளி அப்பவே தெரிஞ்சிருக்கும்.

இரவு வீட்டை வந்து கேட்டா ஃபான் இரைச்சல், காகம், பாசையூர்க் கோயில் மணி, எல்லாத்துக்கும் பின்னால எங்கயோ தூரத்தில அவர்.

அடுத்த நாள் போய் "இன்னொருக்காப் பாடுவமோ ஐயா, ஒரு காப்பி கிடக்கட்டும்" எண்டு கேட்டன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு "நேற்றுப் பிழைச்சுப்போனனோ?" எண்டார்.

இல்லை ஐயா, பிழைச்சது நான் எண்டு அந்த இடத்தில சொல்லியிருக்கவேணும். "சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வயரைச் சரிபாக்கிற மாதிரிக் குனிஞ்சிட்டன்.

முதல் நாள் அவர் ஹெட்போனைக் கழட்டி வைச்சிட்டுத்தான் பாடினவர், "என்ர குரல் எனக்கெதுக்கு" எண்டு. மைக் இல்லாத காலத்தில விடிய விடிய கடைசிப் பாயில இருக்கிற சனத்துக்கும் கேக்கப் பாடின தொண்டை அது. ரெண்டாம் நாள் நான்தான் வற்புறுத்திப் போடவைச்சு, ஹெட்போன் வொலியூமையும் நல்லாக் கூட்டி விட்டன். தன்ர சத்தம் காதுக்குள்ள பெரிசாக் கேட்டா பாடுறவர் தன்னை அறியாமலே குரலை இறக்குவார், குறைச்சு விட்டா தள்ளிப் பாடுவார். பதிவாகிற அளவுக்கும் அந்தத் திருகிக்கும் சம்பந்தமில்லை, ஆனா பாட்டுக்குச் சம்பந்தமிருக்கு. சரியான இன்புட், சுத்தமான பதிவு, ஒரு இடத்திலயும் அளவு கூடிச் சத்தம் கிழியிற கிளிப் இல்லை. ஆனா அரசன் மேடைக்கு வரேக்க பாடுற வரவுப்பாட்டில அரசன் வரேல்லை, ஆரோ ஒரு வயசுபோன ஆள் கவனமாப் பாடுறார்.

வொலியூமாலதான் எண்டு கூட்டாளியளுக்குச் சொல்லிக்கொண்டு திரியிறன். அது உண்மையும்தான். எண்டாலும் பிழைச்சிட்டனோ எண்டு நினைச்ச மனுசன் வேற எப்பிடிப் பாடுவார்? உண்மையைச் சொல்லியிருந்தா சிரிச்சுப்போட்டு ஹெட்போனைத் தள்ளி வைச்சிட்டு முதல் நாள் மாதிரியே பாடியிருப்பாரோ, இல்லாட்டி என்னில கோவிச்சுக்கொண்டு பாடாமலே விட்டிருப்பாரோ, தெரியேல்லை.

அவற்ற மகள் தந்துவிட்ட பென்டிரைவில இப்போதைக்கு ரெண்டாவதை மட்டும் போட்டிருக்கிறன். முதல் பாடினது எங்க எண்டு அவர் இன்னும் கேக்கேல்லை.