அம்மாவின் 27

அம்மாவுக்கு சிஓபிடி, மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சுவிடச் சிரமப்படுத்தும் நாள்பட்ட நுரையீரல் நோய். பீடி, சிகரெட் வாசம் தெரியாத மனுஷி. முப்பது வருஷம் விறகடுப்பு ஊதி அந்தப் புகையைக் குடித்தவர்.

செக்கப் போகும்போதெல்லாம் குழாயில் ஊதச் சொல்லி, நுரையீரல் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று பார்க்கும் ஸ்பைரோமெட்ரி எடுப்பார்கள். ஒரு வருஷமாக எண்ணில் பெரிய மாற்றமில்லை, "அப்படியேதான் இருக்கு" என்பார்கள். வீட்டில் அம்மா அப்படியே இல்லை. குளித்துவிட்டு வந்தால் பத்து நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் புடவை கட்ட முடிகிறது. அதை எந்த மெஷினும் கேட்கவில்லை.

இந்தத் தடவை வேறு டாக்டர். சிஓபிடி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்கும் 'கேட்' (CAT) என்ற கேள்வித்தாளைக் கொடுத்தார். 2009இல் வந்தது. எட்டே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 40. எண் கூடினால் அவஸ்தை கூடுதல். இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், மாடிப்படி, வீட்டு வேலை, தூக்கம், தெம்பு என்று நான் வாசிக்க வாசிக்க அம்மா டக்டக்கென்று எண் சொன்னார். வீட்டை விட்டு வெளியே போகத் தைரியம் இருக்கா என்ற கேள்விக்கு மட்டும் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அஞ்சு போடு."

கோயிலுக்குப் போவதை ஏன் நிறுத்தினார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. முட்டிவலி என்று நினைத்திருந்தேன்.

மொத்தம் 27. இரண்டு புள்ளி குறைந்தாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியுமாம். இன்ஹேலர் பிடிக்கிற முறையைத் திருத்தி, மூச்சுப் பயிற்சிக்கும் நடைப் பயிற்சிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை ஆரம்பம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அந்த எட்டுக் கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்களும் இருங்கள்.