மெத்தனால் டேங்கர் கவிழ்ந்தால்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு மெத்தனால் என்ற பெயர் தமிழ்நாட்டில் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. சாராயத்தில் கலக்கும் விஷம் என்றுதான் பலருக்கும் தெரியும். அதே திரவம் ஆலைகளுக்காக டேங்கர் டேங்கராக நெடுஞ்சாலையில் ஓடுகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. அதில் ஒரு வண்டி கவிழ்ந்தால், பெட்ரோல் டேங்கரில் பழகிய கை அங்கே உதவாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தீயணைப்பு வண்டியை எங்கே நிறுத்துவது? காற்று நம் முதுகுப் பக்கத்திலிருந்து டேங்கரை நோக்கி வீச வேண்டும். நாம் நிற்கும் இடம் மேடாக இருக்க வேண்டும். வண்டியின் முகம் திரும்பிப் போகும் திசையில் இருக்க வேண்டும். தென்னங்கீற்று, கொடி, புழுதி எது அசைந்தாலும் காற்றின் திசை தெரியும். சென்னை, எண்ணூர்ப் பக்கம் காலையில் தரைக்காற்று, மதியத்தை ஒட்டிக் கடற்காற்று. காலையில் சரியான இடம் என்று நிறுத்திய வண்டி மதியம் ஆவிக்குள் நிற்கலாம். அதனால் காற்றைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆளைத் தனியாக விட வேண்டும்.

அங்கிருந்தே பைனாகுலரில் டேங்கரின் பின்புறமும் பக்கவாட்டிலும் உள்ள அவசரத் தகவல் பலகையைப் படியுங்கள். ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண் 1230 என்றிருந்தால் மெத்தனால். என்ன செய்ய வேண்டும் என்று தீயணைப்பவருக்குச் சொல்லும் ஹாஸ்கெம் குறியீடு அதற்கு: ஒரு புள்ளி, 2, டபிள்யூ, இ. புள்ளி என்றால் ஆல்கஹாலைத் தாங்கும் நுரை வேண்டும். 2 என்றால் மெல்லிய தூவல் நீர். டபிள்யூ என்றால் ரசாயன உடை போட வேண்டும், கொட்டியதைக் கழுவி விடாமல் அணைகட்டித் தடுக்க வேண்டும். இ என்றால் மக்களை அப்புறப்படுத்துவதை யோசிக்க வேண்டும். ஓட்டுநர் நினைவோடு இருந்தால் அவரிடம் ட்ரெம் கார்டையும் (சரக்கின் ஆபத்தையும் அவசர நடவடிக்கையையும் சொல்லும் அட்டை), எத்தனை லிட்டர் ஏற்றினார் என்ற கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டர் விலக்கு. பெரிய கசிவென்றால் காற்று போகும் திசையில் 300 மீட்டர். டேங்கரைத் தீ தொட்டுவிட்டால் சுற்றிலும் 800 மீட்டர். காவல்துறைக்கு இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: குடம், கேனோடு வருகிறவர்களை ஒருவர் விடாமல் நிறுத்த வேண்டும். 2017 ஜூனில் பாகிஸ்தானின் அகமத்பூர் கிழக்கு அருகே கவிழ்ந்த பெட்ரோல் டேங்கரில் எண்ணெய் பிடிக்கப் போனவர்கள் 200-க்கும் மேல் எரிந்து இறந்தார்கள். மெத்தனாலில் அதைவிடக் கேடு உண்டு. தீப்பிடிக்காமல் கேனில் வீட்டுக்குப் போனாலும் அது உயிரைக் குடிக்கும்.

இப்போது தீ. மெத்தனால் எரியும்போது புகை வராது. சுடர் வெளிர் நீலம், பட்டப்பகல் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவது போலத் தெரியும், அவ்வளவுதான். கானல் என்று நினைத்துக் காலை வைத்தால் பூட்ஸ் எரியும். எனவே வெப்பப் படக் கருவியால் பார்க்காமல் "தீ இல்லை" என்று யாரும் சொல்லக்கூடாது. கருவி வரும்வரை தீ இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் ஆவி பொறி பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை 11 டிகிரி. நம் ஊரில் வருடம் முழுக்க எந்த நேரத்திலும் ஆவி பற்றத் தயாராகவே இருக்கும். பற்றும் வரம்பு, காற்றில் 6 முதல் 36 சதவீதம். பெட்ரோல் டேங்குக்குள் ஆவி அளவுக்கு மீறி அடர்த்தியாக இருப்பதால் உள்ளே பொறி போனாலும் பெரும்பாலும் பற்றாது. மெத்தனால் டேங்குக்குள் 30 டிகிரியில் ஆவி சுமார் 21 சதவீதம், பற்றும் வரம்பின் நட்டநடுவே. பாதி காலியான மெத்தனால் டேங்கர் முழு டேங்கரைவிடப் பயப்பட வேண்டியது.

ஆவியை அளக்கும் மீட்டரை நம்பித்தான் பலரும் உள்ளே போகிறார்கள். அங்கேதான் மோசம் போகிறோம். வெடி மீட்டர் காட்டுவது எல்.இ.எல். எனும் கீழ் எரிவரம்பின் சதவீதம். மெத்தனாலுக்கு அந்த வரம்பு 6 சதவீதம், அதாவது 60,000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு). எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட அளவோ 200 பிபிஎம். கணக்குப் போட்டால் எல்.இ.எல்.லில் 0.3 சதவீதம். மீட்டர் திரையில் அது பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்து முகமூடியைக் கழற்றியவர் விஷத்தைத்தான் சுவாசிக்கிறார். மீட்டர் 10 சதவீதம் காட்டும்போது 6,000 பிபிஎம் ஆகிவிடுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்த அளவே அதுதான். போதாததற்கு, மீத்தேனுக்கு அளவுதிருத்தம் செய்த மீட்டர் மெத்தனாலைக் குறைத்தே காட்டும். தயாரிப்பாளர் தரும் திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும்.

"எங்களிடம் பி.ஐ.டி. இருக்கிறதே" என்பார்கள். புற ஊதா ஒளியால் ஆவியை அயனியாக்கி அளக்கும் கருவி அது. அதில் வழக்கமாக வரும் விளக்கு 10.6 எலக்ட்ரான் வோல்ட். மெத்தனால் அயனியாக 10.85 வேண்டும். அந்தக் கருவியை மெத்தனால் குட்டைக்கு மேலேயே பிடித்தாலும் அது வாய் திறக்காது. 11.7 விளக்கு வேண்டும், அல்லது நிறம் மாறும் கண்ணாடிக் குழாய் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒரே விதி: சூடான வட்டத்துக்குள், அதாவது டேங்கரைச் சுற்றியுள்ள ஆபத்துப் பகுதிக்குள், யாரும் பி.ஏ. செட்டை (சிலிண்டர் காற்றில் சுவாசிக்கும் கருவியை) கழற்றக்கூடாது. மூக்கை நம்புவது இன்னும் மோசம். வாசனை தெரியும் நேரத்தில் அளவு தாண்டியிருக்கலாம்.

உடையைப் பொறுத்தவரை மனசாட்சியோடு ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தீயணைப்பு உடை வெப்பத்தைத் தாங்கும், ஆனால் மெத்தனாலை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். தோல் வழியாகவும் அது உடம்பில் ஏறும். ரசாயன உடை திரவத்தைத் தடுக்கும், ஆனால் தீ பட்டால் உருகி உடம்பில் ஒட்டும். இரண்டையும் ஒரு சேரத் தரும் உடை நம் நிலையங்களில் அரிது. எங்கள் கருத்து இது: மீட்க ஓர் உயிர் இருந்தால் தீயணைப்பு உடையும் பி.ஏ. செட்டும் போட்டு, தூவல் நீரின் காவலில், சட்டென்று போய் வரலாம். வால்வை மூடவும் ஓட்டையை அடைக்கவும் என்றால், முதலில் நுரை போர்த்தி, மீட்டர் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே ரசாயன உடையில் போக வேண்டும். கையுறை பியூட்டைல் ரப்பர். தோல் கையுறை பஞ்சு மாதிரி உறிஞ்சும்.

காற்றுக் கணக்கும் உண்டு. 6.8 லிட்டர் சிலிண்டர், 300 பார் என்றால் சுமார் 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று ஏட்டில் 50 நிமிடம் வரும். சித்திரை வெயிலில் ரசாயன உடைக்குள் மூச்சு 60 லிட்டரைத் தாண்டும்; 30 நிமிடமே மிஞ்சும். போக, வர, வெளியே நின்று கழுவிக்கொள்ள என்று கழித்தால் கையில் இருப்பது 15 நிமிட வேலை. உள்ளே இருவர் என்றால் வெளியே அதே உடையில் இருவர் தயாராக நிற்க வேண்டும். கழுவும் இடம் தயாராகும் முன்னே யாரும் உள்ளே போகக்கூடாது.

நுரைக்கு வருவோம். பெட்ரோல் தீக்குப் பயன்படும் சாதாரண ஏ.எஃப்.எஃப்.எஃப். நுரையை மெத்தனால் மேல் விட்டால், அதிலுள்ள தண்ணீரை மெத்தனால் உறிஞ்சிக்கொள்ளும். நுரை கண்ணெதிரே கரைந்து காணாமல் போகும். ஆல்கஹாலைத் தாங்கும் வகை மட்டுமே மேலே ஒரு சவ்வு விரிக்கும். அதையும் குட்டைக்குள் பாய்ச்சினால் சவ்வு கிழியும். டேங்கரின் பக்கவாட்டிலோ முன்னாலுள்ள தரையிலோ அடித்து, மெதுவாக வழிந்து மூடவிட வேண்டும். அளவு: 100 சதுர மீட்டர் குட்டை, சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 6.5 லிட்டர், 15 நிமிடம் என்று வைத்தால் 9,750 லிட்டர் கரைசல். 6 சதவீதக் கலவைக்கு 585 லிட்டர் நுரைத் திரவம், அதாவது 20 லிட்டர் கேன் 30. வண்டியில் இருப்பது எட்டு என்றால் ஆரம்பிக்காதீர்கள். பாதியில் தீர்ந்தால் தீ திரும்பி எழும், எட்டும் வீண். முழுச் சரக்கும் வரும்வரை தூவல் நீரால் டேங்கரின் உடலைக் குளிரவையுங்கள்.

தண்ணீரால் நீர்க்கச் செய்துவிடலாமே? ஒரு பங்கு மெத்தனாலுக்கு நான்கு பங்கு தண்ணீராவது சேர்ந்தால்தான் பற்றாத நிலை வரும். 12,000 லிட்டர் டேங்கருக்கு 48,000 லிட்டர். 4,500 லிட்டர் வண்டி 11. அத்தனையும் ஓடி ஏரியிலும் கிணற்றிலும் சேரும். சின்னச் சிதறலுக்கு மட்டும் அந்த வழி. பெரிய கசிவுக்கு மணல் மூட்டையால் வரப்பு கட்டுங்கள். கால்வாய், மேன்ஹோல் வாய்களை முதலில் அடையுங்கள். மரத்தூள் வேண்டாம், அது எரியும்.

சரக்கோடு டேங்கரைக் கிரேனால் நிமிர்த்த அவசரப்படுத்துவார்கள், சாலையைத் திறக்க வேண்டும் என்று. அடிபட்ட உடல் தூக்கும்போது பிளக்கும். முதலில் வேறு டேங்கருக்கு மாற்ற வேண்டும். காற்றில் ஓடும் டயஃப்ரம் பம்பு, பித்தளைக் கருவிகள். இரண்டு டேங்கரையும் கம்பியால் இணைத்து, தரையில் அடித்த கம்பியோடு சேர்க்க வேண்டும். கடைசி இணைப்பை ஆவி இல்லாத இடத்தில் கொடுங்கள். பொறி பறந்தால் அங்கேதான் பறக்கும்.

வெளியே வந்ததும் முகமூடியோடே நன்றாகத் தண்ணீரில் கழுவி, உடையைக் கழற்றி, முகமூடியைக் கடைசியில் எடுக்க வேண்டும். நனைந்த உடையைப் பையில் கட்டுங்கள், வண்டியின் கேபினில் போடாதீர்கள். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாற நேரம் பிடிக்கும். 12 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு கண் மங்கலாம். அதனால் சட்டை நனைந்தவரை "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொன்னாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கூடவே 1230 என்ற எண்ணை எழுதி ஒரு சீட்டையும் கொடுத்தனுப்புங்கள்.