செங்காட்டங்குடியில் கத்தி எடுத்த கதை

நன்னிலத்திலிருந்து நாகூர் போகிற சாலையில் திருப்புகலூர் வரும். அங்கிருந்து பக்கம்தான் திருச்செங்காட்டங்குடி. அப்பர் சுவாமிகள் முக்தியடைந்த புகலூருக்கு நிறைய பேர் வருகிறார்கள். இங்கே நாங்கள் போன அன்று கூட்டமே இல்லை. அம்மா, மனைவி, நான், அப்புறம் குழந்தை வேண்டி வந்திருந்த ஒரு இளம் தம்பதி. அவ்வளவுதான்.

மூலவர் கணபதீஸ்வரர். கஜமுகாசுரனைக் கொன்ற பாவம் தீர விநாயகர் சிவனைப் பூஜித்த இடம் என்பது தலபுராணம். அசுரனைக் கொன்றதற்கே பிள்ளையாருக்குப் பரிகாரம் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த இன்னொரு கதையில் பரிகாரம் என்ற பேச்சே கிடையாது. அது சிறுத்தொண்டர் கதை.

அவருடைய முந்தைய பெயர் பரஞ்சோதி. இந்தப் பல்லவத் தளபதி, 642-ல் சாளுக்கியத் தலைநகரான வாதாபியைத் தரைமட்டமாக்கித் திரும்புகிறார். அவர் சிவனடியார் என்று தெரிந்ததும், இவரையா போருக்கு அனுப்பினோம் என்று மன்னன் பதறிப்போய் ஊருக்கு அனுப்பிவைக்கிறான். வாதாபியில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் செத்தார்கள் என்று, இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் கேட்கவில்லை. அப்புறம்தான் வடநாட்டுப் பைரவர் வேடத்தில் சிவன் வந்து, கோயில் ஆத்தி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்கறி கேட்கிறார். ஐந்து வயது, அங்கத்தில் பழுது கூடாது, ஒரு குடிக்கு ஒரே மகனாக இருக்க வேண்டும், தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும், இருவருக்கும் மனம் சலிக்கக் கூடாது. சிறுத்தொண்டர் தம் ஒரே மகன் சீராளனையே கொடுக்கத் துணிகிறார். ஆத்திதான் இங்கே தலவிருட்சம். அதன் நிழலில் நின்று இந்த நிபந்தனைகளை நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

பெரியபுராணத்தில் என்னை விடாமல் துரத்துவது அந்த ஒரு பாட்டு. பிள்ளையின் கிண்கிணிக் கால்கள் இரண்டையும் மடியில் இடுக்கிக்கொண்டு, கைகள் இரண்டையும் தாய் பிடித்துக்கொள்கிறாளாம். பெற்றவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துச் சீராளன் சிரிக்கிறானாம். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவி அந்தச் சிரிப்பை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினார். படிப்பவன் சுலபமாகக் கடந்துபோகக் கூடாது என்று நினைத்திருப்பார் போலும்.

குருக்களிடம் கேட்டேன், எல்லாம் தெரிந்த பகவானுக்குச் சோதனை எதற்கு என்று. "அவர் சோதிக்க வந்தவர் சார், சாப்பிட வந்தவரில்லை. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துட்டாரே!" என்றார். வழக்கமான பதில்தான். பிள்ளை திரும்பி வருவான் என்பது கத்தி எடுத்த கைக்குத் தெரியாதே? எல்லாம் வல்லவர் என்றால் வேறு வழியில் அந்த அன்பை ஊருக்குக் காட்டியிருக்கலாம். முடியவில்லை என்றால் எல்லாம் வல்லவரில்லை. இதைக் குருக்களிடம் சொல்லவில்லை, பாவம், அவருக்கு நடை சாத்துகிற நேரம்.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று உண்மை. சாமி சாப்பிடவே இல்லை. இலை போட்டாகிவிட்டது, தனியாக உண்ணமாட்டேன், உன் மகனைக் கூப்பிடு என்கிறார். "இப்போது உதவான் அவன்" என்கிறார் சிறுத்தொண்டர். அந்த மூன்று சொல்லைத் தாண்டி அவரால் பேச முடியவில்லை. அவன் வந்தால்தான் உண்பேன் என்று பைரவர் பிடிவாதம் பிடிக்க, தாய் திருவெண்காட்டு நங்கை வாசலில் நின்று கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற மாதிரி ஓடி வருகிறான். உள்ளே பைரவரையும் காணோம், கறியையும் காணோம். பிறகு காட்சி கொடுத்து, தாய் தந்தை, மகன், தாதி சந்தனத்தார் நால்வரையும் தம்மோடு சேர்த்துக்கொள்கிறார் சிவன். சீராளன் மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இதை மட்டும் பிரசங்கங்களில் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள்.

சமாதானம் சொல்லாமல் பேசியவர்களும் நம் மரபிலேயே இருக்கிறார்கள். சிறுத்தொண்டர் காலத்திலேயே இந்தத் தலத்துக்கு வந்து அவர் பெயர் வைத்துப் பாடியவர் சம்பந்தர். பட்டினத்தாரோ, "வாளால் மகவரிந்து ஊட்டவல்லேன் அல்லன்" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். என்னால் முடியாது என்று சொன்னவரும் மகான்தான். எனக்கு அவர் பக்கம் நிற்கத்தான் தோன்றுகிறது. சிவனைக் கும்பிடுகிறேன்; இந்தக் கதைக்கு வக்காலத்து வாங்கமாட்டேன்.

பைரவராக வந்த அந்தச் சிவனுக்கு இங்கே உத்திராபதியார் என்று பேர். அவர் சன்னிதியில் இன்னொரு கதை சொன்னார்கள். திருமேனியின் நெற்றியில் இருந்த சின்னப் புடைப்பைச் சிற்பி உளியால் செதுக்கப்போக, ரத்தம் வந்ததாம். பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்திய பிறகுதான் நின்றதாம். அந்த இளம் பெண் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கண்ணை மூடி, உதடு அசைய, வெகு நேரம் நின்றாள். பிள்ளையை அரியச் சொன்ன சாமியிடமே பிள்ளை கேட்கிறாள். சித்திரை பரணியில் அமுது படையல் விழாவுக்குக் கூட்டம் கூட்டமாக இவளைப் போன்றவர்கள் வருவார்களாம். ஊர் இந்தக் கதையைத் தனக்கு வேண்டிய பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டது, சேக்கிழார் ஒத்துக்கொள்வாரோ என்னவோ.

அம்மாவை மட்டும் திருப்ப முடியவில்லை. அர்ச்சனைத் தட்டை நீட்டிய குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். அம்மா என் பெயரைச் சொன்னாள், மருமகள் பெயரைச் சொன்னாள், நிறுத்திக்கொண்டாள்.

"பேரனை விட்டுட்டீங்களேம்மா," என்றேன்.

"இவர்கிட்ட அவன் பேரைச் சொல்லமாட்டேன்டா," என்றாள். பிறகு வாதாபி கணபதி சன்னிதிக்குப் போய், தனியாக இன்னொரு அர்ச்சனைச் சீட்டு வாங்கினாள்.