இரு வயதுப் பிரிவு வாசகர்களுக்கு எழுதுவது

பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் மாறி மாறி நாவல் எழுதுகிறேன் என்றால், உடனே வரும் கேள்வி: “சிறுவர்களுக்கு எழுதுவது சுலபம்தானே?” பக்கங்கள் குறைவு, சொற்கள் எளிமை, உண்மைதான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: கதை சொல்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதில்.

பெரியவர்களுக்கான நாவலில் ஒரு சிறுமி வந்தால், பல வருடம் தள்ளி நின்று அவளைப் பார்க்கலாம். பாட்டி இறந்த அன்று அவளுக்குப் புரியாததையெல்லாம் நானே விளக்கலாம். சிறார் நாவலில் அந்த வசதி கிடையாது. பாட்டியின் மூக்குக்கண்ணாடி ஜன்னலோரம் கிடக்கிறது. சிறுமி அதை எடுத்துத் துடைத்து, தானே போட்டுப் பார்க்கிறாள். எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. அதோடு நிறுத்திவிட வேண்டும். ‘துக்கம் தொண்டையை அடைத்தது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும், நடுவில் ஒரு பெரியவர் புகுந்து பேசுவதைப் பத்து வயது வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் கைப்பிரதியைக் குழந்தைகள் முன் உரக்கப் படிக்கிறேன். எந்தப் பத்தியில் அவர்கள் நெளியத் தொடங்குகிறார்களோ, அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு. நீளமான வர்ணனையைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். அறிவுரை வந்தால் கவனம் போய்விடுகிறது.

படப் புத்தகம் இன்னும் கறார். பெரும்பாலும் 32 பக்கம். பெரிய அச்சுத்தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டு, பதினாறு என்றே வருவதால் உண்டான கணக்கு. தலைப்பும் பதிப்புரிமையும் போக மீதிதான் கதைக்கு. ஓவியர் வரைந்துவிட்டதை நான் எழுதக் கூடாது. நாய் நனைந்திருப்பது படத்தில் தெரிந்தால் ‘நனைந்த’ என்ற சொல்லை அடித்துவிடுவேன். ராயல்டியும் பொதுவாக ஓவியரோடு பகிர்ந்துகொள்வதுதான், அது நியாயமும்கூட.

சிறார் எழுத்தைப் பெரியவர்களுக்கான நாவலுக்குப் பயிற்சிக் களம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழியில் பல ஆண்டுகள் பெரியவர்களுக்கு எழுதிய ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் முதல் சிறார் நூல் வந்தது 1966-ல், அவர் அறுபதைத் தாண்டிய பிறகு. 1978-ல் நோபல் பரிசு பெற்ற பின்னும் குழந்தைகளுக்கு எழுதினார்.

இப்போது பெரியவர்களுக்கான ஒரு நாவலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இதையும் உரக்கப் படிக்கிறேன். கதாநாயகியின் அம்மாவை நான் விளக்கிய இடங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன; அவர் பேசும் இடங்கள் அப்படியே நிற்கின்றன.