வாளிக் கணக்கும் பகடைக் கணக்கும்

மொரீஷியஸில் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவைச் சுற்றிய ஊர்களில், காட்டை நம்பிய வருமானத்தை வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போய் "காட்டிலிருந்து என்ன வருமானம்?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார்கள். அதே வாசலில் ஒரு வாளி சீனக் கொய்யா (காட்டில் விளையும் சிறு கொய்யாப் பழம்) இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. காடு என்றால் 1994இல் அரசு பூங்காவாக அறிவித்த இடம். சாலையோரப் புதரில் பறித்த பழம் அவர்களுக்குக் காட்டுக் கணக்கில் சேராது. அதனால் கொய்யா, கீரை, விறகு என்று பொருள் பொருளாகக் கேட்க வேண்டும். அதையும் அங்கே எல்லோரும் பேசும், பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியில்தான். கோயில் வாசலில் தமிழில் வணக்கம் சொல்லலாம். வீட்டுக்குள் பேச்சு கிரியோல்.

கொய்யா ஏறத்தாழ மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. ஆண்டுக்கு ஒருமுறை கேட்டால் நினைவு ஏமாற்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். காவடி விரத நாட்களில் போய் "போன வாரம் என்ன இறைச்சி?" என்று கேட்டால் தமிழ் வீடுகளில் பூஜ்யம்தான் வரும். மான் வேட்டைப் பருவமோ ஜூன் முதல் செப்டம்பர் வரை.

அளவில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஒருவரின் வாளி தலைதட்டியது, இன்னொருவரின் வாளி குவித்தது. ஸ்பிரிங் தராசைக் கையோடு கொண்டுபோய், வீட்டுக்கு மூன்று வாளி நிறுத்துச் சராசரி எடுக்க வேண்டும். பறித்தது, விற்றது, தின்றது, அழுகியது நான்கும் படிவத்தில் தனித்தனிக் கட்டங்கள். பறித்த பழம் இரண்டு நாளில் குழைந்துவிடும். பறித்ததையெல்லாம் விற்றதாகப் போட்டால் வருமானம் ஊதிப்போகும். பஸ் கட்டணம், பிளாஸ்டிக் பை, பழத்தோடு தரும் உப்பு மிளகாய் ஆகியவற்றையும் கழிக்க மறக்கக் கூடாது.

விலங்குகளுக்குக் கண்ணி வைப்பது போன்ற சட்டவிரோத வேலைகளை நேரடியாகக் கேட்பது வீண். பகடை உதவும். பதில் சொல்பவர் மறைவாக உருட்டுவார்: 1 விழுந்தால் "ஆம்", 6 விழுந்தால் "இல்லை", மற்றவற்றுக்கு உண்மை. எந்த "ஆம்" பகடையால் வந்தது என்று கேட்பவருக்குத் தெரியாது, அதனால் பயமில்லை. 100 பேரில் 30 பேர் "ஆம்" என்றால், 30இலிருந்து 1 விழுந்ததால் வந்த 16.7ஐக் (ஆறில் ஒரு பங்கு) கழித்து, உண்மை சொல்பவர்களின் பங்கான 0.667ஆல் (ஆறில் நான்கு) வகுக்க 20 சதவீதம். ஆனால் 100 பேர் போதாது. உண்மை ஏறத்தாழ 7 முதல் 33 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். 1 விழுந்தும் பயத்தில் "இல்லை" என்பவர்கள் கணக்கைக் குறைத்துவிடுவார்கள். முதலில் "நேற்று தால் பூரி சாப்பிட்டீர்களா?" என்பது போன்ற சாதாரணக் கேள்வியில் பகடையைப் பழக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இன்னொரு சிக்கல்: சீனக் கொய்யா அயல் செடி, சொந்த மரங்களின் நாற்றுகளை நெருக்கிக் கொல்வது. பூங்காவின் வேலியிட்ட பகுதிகளில் அதைக் கூலிக்கு வெட்டுகிறார்கள். வெட்டிய அடிக்கட்டை தழைக்கும், குரங்கும் பன்றியும் விதையைப் பரப்பும், மறுபடி வெட்ட வேண்டும். ஒரே வீட்டில் ஒருவர் அதை வெட்டிக் கூலி வாங்க, இன்னொருவர் அதன் பழத்தை விற்கலாம். இந்தக் கூலியைப் பொதுவான தினக்கூலிக் கட்டத்தில் போட்டால், காட்டை நம்பிய வருமானத்தில் ஒரு பகுதி படிவத்திலிருந்தே மறைந்துபோகும். எந்த மாதம், எத்தனை நாள் என்ற விவரத்தோடு அதற்குத் தனிக் கட்டம் வேண்டும்.