வக்கீல் மேல் புகார் கொடுத்த கதை

தேவகோட்டையில் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு நான் போகாமல் இருந்திருந்தால் விஷயம் வெளியே வந்தே இருக்காது. பந்தியில் பக்கத்து இலைக்கு உட்கார்ந்த பங்காளி அண்ணன், "என்னப்பா, பணம் வந்து சேர்ந்துச்சுல்ல?" என்றார். பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டுப் பங்கு வழக்கைச் சமாதானமாக முடித்ததில் எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, வரவேண்டிய 6 லட்சம். எதிர்த்தரப்பான அண்ணன் ஆடியிலேயே அதை எங்கள் வக்கீல் கணக்கில் போட்டுவிட்டாராம். இதுவோ மாசி. வக்கீல், "எதிர்த்தரப்பு இழுத்தடிக்குது" என்றே சொல்லிவந்தார்.

அப்பச்சி காலத்திலிருந்து எங்கள் முகப்பில் உட்கார்ந்து காபி குடித்த மனுஷர். "மறந்திருப்பாரு, பதமாக் கேளு" என்றார் ஆத்தா. கேட்டேன். ஃபீஸ் பாக்கியைக் கழித்துத் தருவதாகச் சொன்னார். கேஸ் கட்டையும் தரவில்லை. ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லியிருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், வக்கீல் தொழில் அந்தச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. மிச்சம் 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவு: வக்கீல்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் மாநில பார் கவுன்சிலில் புகார். எழுதித்தர காரைக்குடியில் எந்த வக்கீலும் முன்வரவில்லை. "தினம் அவரு முகத்துல முழிக்கணும்ல தம்பி" என்றார் ஒருவர். நியாயம்தான். நானே தமிழில் எழுதினேன், தமிழில் கொடுக்கலாம். முதலில் ஒன்பது பக்கம், அத்தனையும் கோபம். அடித்து அடித்து இரண்டு பக்கமாக்கினேன். வழக்கைத் தூக்கி நிறுத்தியது அண்ணனுடைய பேங்க் ஸ்டேட்மென்ட்தான். கோர்ட்டில் எங்களோடு மல்லுக்கு நின்றவர், கேட்டதும் கொடுத்தார்.

முகாந்திரம் இருக்கிறது என்று கவுன்சில் கருதிய பிறகே மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பினார்கள். விசாரணை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாளே பல்லவன் ரயில். வக்கீல் ஃபீஸ் கணக்கைக் காட்டினார். வழக்கு முடிந்தபின் பேசிய ஃபீஸைக் கழித்துக்கொள்ள விதி இடம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கட்சிக்காரர் பணம் கைக்கு வந்ததை முடிந்தவரை சீக்கிரம் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஏழு மாதம் வாயைத் திறக்காததற்கு வக்கீலிடம் பதில் இல்லை.

நடுவில் ஒருநாள் முழுப்பணத்தையும் ஆள் மூலம் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார், புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி. ஆத்தாவுக்கு மனசு இளகிவிட்டது. எழுதியும் கொடுத்தோம். சமாதானமாகிவிட்டது என்பதற்காக மட்டும் புகாரைக் கைவிட முடியாதாம்! பணம் வாங்கித்தருவது குழுவின் வேலை இல்லை, தொழிலில் அவர் நடந்தது சரியா என்று பார்ப்பதுதான் வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒரு வருஷத்துக்குள் முடியாவிட்டால் டெல்லியில் இருக்கும் அகில இந்திய பார் கவுன்சிலுக்கு மாற்றிவிடுவார்கள். எங்களுடையது பதினொன்றாம் மாதம் முடிந்தது. ஒரு வருஷம் தொழில் செய்யத் தடை. 60 நாள் கெடு முடிவதற்குள் அவர் அதே டெல்லி கவுன்சிலுக்கு அப்பீல் போட்டுவிட்டார். அந்த நோட்டீஸை முகப்பில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். "அவரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்திருக்கு, போறதா வேண்டாமா?" என்று கேட்டார் ஆத்தா.